படம் தெளிவில்லை என்றால் பிள்ளையை ஏசாதீர்கள்



சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை விஞ்ஞான மாதிரி வினாத்தாள்கள் வாட்ஸ்அப்பில் பறக்கின்றன. பெற்றோரே, அவற்றில் ஒரு மின்சுற்று வரிப்படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். எந்தப் பெறுமானம் எந்தத் தடையிக்கு உரியது என்று விளங்குகிறதா? உங்களுக்கு விளங்காதது பிள்ளைக்கு மட்டும் எப்படி விளங்கும்?

"கணக்குத் தெரிந்தால் போதும், எழுத்து எப்படி இருந்தால் என்ன" என்பவர்களிடம் கேட்கிறேன். 4.7 கிலோ ஓம் என்று போடுகிறீர்கள். நாலாவது போட்டோகொப்பியில் தசமப்புள்ளி மறைகிறது. இப்போது அது 47 கிலோ ஓம். ஓமின் விதியைச் சரியாகப் பிரயோகித்த பிள்ளைக்கு மின்னோட்டம் பத்தில் ஒன்றாக வருகிறது, விடை பிழை. இதற்காகவே மின்னணுத் துறையில் புள்ளிக்குப் பதிலாக 4கே7 என்று எழுதும் வழக்கம் உண்டு. ஐஇசி 60062 என்ற சர்வதேச நியமமும் அதுதான். பிள்ளைகளுக்கு அது புதிதென்றால் 4700 ஓம் என்று எழுதுங்கள். என்ன குறைந்துவிடும்?

எழுத்துருக் கூத்து இதைவிட மோசம். தாள் முழுவதையும் தெரிவுசெய்து பாமினியைப் போட்டால் ஆங்கிலக் குறியீடுகள் தமிழெழுத்தாக மாறிவிடும். சிம்பல் எழுத்துருவில் அடித்த ஓம் குறியீடு, அந்த எழுத்துரு விடுபட்டால் டபிள்யூ ஆகும். பிள்ளை அதை வாற்று என்று வாசிக்கும். மைக்ரோ குறியீடு எம் ஆகி மில்லியாகும். ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

சிங்கள மொழிமூலத் தாளின் படத்தில் பெயர்களை அழித்துவிட்டு, அந்த இடுக்குக்குள் "வோல்ற்றுமானி" என்று செருகுவதையும் நிறுத்துங்கள். வட்டத்துக்குள் குறியீட்டு எழுத்து மட்டும் போதும். தமிழ்ப்பெயர் படத்துக்குக் கீழே வரட்டும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. எழுத்து கம்பியின் மேல் ஏறக்கூடாது. பெயரும் பெறுமானமும் உரிய கூறுக்குப் பக்கத்திலேயே, தலைகீழாக இல்லாமல் இருக்கட்டும். கம்பிகள் இணையும் இடத்தில் கரும்புள்ளி இடுங்கள். யுனிகோட்டில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, ஒரு பிரதி எடுத்து வாசித்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள். பத்து நிமிட வேலை.

தமிழ்மொழிமூலப் பிள்ளை விஞ்ஞானத்தில் பின்தங்குகிறது என்று கூட்டம் கூட்டிக் கவலைப்படுகிறோம். முதலில் அந்தப் பிள்ளையின் கையில் வாசிக்கக்கூடிய ஒரு வினாத்தாளைக் கொடுப்போம். பெற்றோரே, காசு கொடுத்து வாங்கிய தாள் வாசிக்க முடியாமல் இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.