உடைந்தால் மாற்றத்தான் வேண்டுமா?

"இப்ப வர்ற வண்டியில ரிப்பேர்னு ஒண்ணு கிடையாது சார், எல்லாம் மாத்துறதுதான்." கார் வைத்திருப்பவர்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. எஸ்டிமேட் போடும் சர்வீஸ் அட்வைசர் சொல்கிறார். கேட்டு வந்தவர் அதையே பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிறார். இப்போது சில மெக்கானிக்குகளே அதை நம்பத் தொடங்கிவிட்டார்கள். பம்பரில் விரல் நீளத்துக்கு விரிசலா, பம்பரையே மாற்று. செல்ஃப் எடுக்கவில்லையா, மோட்டாரையே மாற்று. லோயர் ஆர்மில் ரப்பர் புஷ் போய்விட்டதா, ஆர்மையே மாற்று.

மாற்றியே தீரவேண்டிய பாகங்கள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும் என்று எந்தப் பொறியியலும் சொல்லவில்லை. கழற்றி மாட்டுவது சீக்கிரம் முடியும், உதிரிபாகத்தில் லாபமும் நிற்கும். அந்த வசதிதான் நாளடைவில் விதியாகிவிட்டது. இந்த விதிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: "பிளாஸ்டிக் பம்பரை ஒட்டினால் நிற்காது"

இது பாதி உண்மை. ஒட்டினால் நிற்காது, வெல்டு செய்தால் நிற்கும்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் பம்பர் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் ரப்பர் வகையொன்றையும் டால்க் தூளையும் கலந்து வார்த்தது. சூடாக்கினால் இளகும், ஆறினால் பழையபடி இறுகும். பம்பரைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் அது எந்தப் பிளாஸ்டிக் என்பதற்கான குறியீடு அச்சில் இருக்கும். கிரில் போன்ற பாகங்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்ற வேறு வகை. ஹெட்லைட்டின் முன்கண்ணாடி, கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. வேலை தொடங்குவதே அந்தக் குறியீட்டைப் படிப்பதில்தான்.

பாலிபுரோப்பிலீனின் மேற்பரப்பில் சாதாரணப் பசை எதுவும் பிடிப்பதில்லை. 'சூப்பர் க்ளூ' போட்டவர்கள் கைவிட்டது இதனால்தான். இன்னும் பலர் செய்யும் தவறு, தகரத்துக்குப் பூசும் பட்டியைப் பம்பர் விரிசலில் பூசுவது. பம்பர் வளையும், பட்டி வளையாது. முதல் வேகத்தடையிலோ முதல் வெயில் காலத்திலோ அது பிளந்துகொள்ளும். இப்படித் தோற்றுப்போன வேலைகளைப் பார்த்துத்தான் பிளாஸ்டிக்கைச் சரிசெய்ய முடியாது என்ற முடிவுக்கு ஊர் வந்தது. தோற்றது தவறான பொருள். பிளாஸ்டிக் மேல் பழி வந்துவிட்டது.

சரியான முறை இப்படிப் போகும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வேண்டும். விரிசல் மேலும் ஓடாதிருக்க அது முடியும் இடத்தில் சிறு துளை போட வேண்டும். முன்பக்கம் டேப் ஒட்டி இரு விளிம்புகளையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, பின்பக்கம் விரிசல் நெடுக 'வி' வடிவத்தில் பள்ளம் எடுத்து, அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியைச் சூடான காற்றால் இளக்கி நிரப்ப வேண்டும். பலத்துக்கு மெல்லிய கம்பி வலையை உள்ளே பதிப்பார்கள். பிறகு முன்பக்கமும் அதே வேலை. தேய்த்து மட்டமாக்கி, பிளாஸ்டிக்குக்கென்றே வரும் வளையும் பட்டியை மெல்லப் பூசி, பெயின்ட் பிடிப்பதற்கான தனி பிரைமர் அடித்து, அதன் பின்னரே நிறம். அந்த பிரைமரை விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல பெயின்டானாலும் தோலாக உரிந்து வரும்.

உடையாமல் உள்வாங்கி மட்டும் நிற்கும் பள்ளத்துக்கு இத்தனையும் வேண்டாம். இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஹீட் கன் காட்டியோ கொதிக்கும் தண்ணீர் ஊற்றியோ உள்ளிருந்து தள்ளினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். ஹெட்லைட்டைத் தாங்கும் காது உடைந்ததற்காக முழு லைட்டையும் மாற்றச் சொல்வதும் இந்த வகைதான். அந்தக் காதை வெல்டு செய்யலாம். சில மாடல்களுக்குக் காது மட்டும் தனியாகவே விற்கிறார்கள்.

வாதம் 2: "விபத்தில் காப்பாற்றுவது பம்பர், அதில் ஒட்டுவேலை ஆபத்து"

நாம் வெளியே பார்ப்பது பம்பரின் உறை மட்டும். மோதலைத் தாங்குவது அதற்குள்ளே சேஸியோடு போல்ட் போட்டிருக்கும் இரும்பு அல்லது அலுமினியக் குறுக்குச்சட்டமும், பல கார்களில் அதன் முன்னால் இருக்கும் அடர்ந்த நுரைப் பட்டையும். உறையின் வேலை காற்றை வழிநடத்துவது, தோற்றம் தருவது, பாதசாரி மீது பட்டால் அடியைச் சற்று மென்மையாக்குவது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, குறுக்குச்சட்டம் வளைந்திருக்கிறதா என்பது. வளைந்திருந்தால் அதை நிமிர்த்தக் கூடாது, மாற்ற வேண்டும். நுரை நசுங்கியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். வேடிக்கை என்னவென்றால், உறையைப் பளபளவென்று புதிதாக மாட்டிவிட்டு உள்ளே வளைந்த சட்டத்தை அப்படியே விடும் பட்டறைகளும் இருக்கின்றன. பாதுகாப்பைச் சொல்லி உறைக்குப் பில் போடுகிறவர் சட்டத்தையும் காட்ட வேண்டும் அல்லவா?

இந்த வாதத்தில் நியாயமான ஒரு பகுதி உண்டு. பம்பரின் மூலைகளுக்குப் பின்னால் ரேடார் சென்சார் வைத்த கார்கள் இப்போது அதிகம். அந்த இடத்தில் வெல்டோ தடித்த பட்டியோ கூடுதல் அடுக்குப் பெயின்டோ இருந்தால் ரேடாரின் பார்வை கெடும். அங்கே அடி பட்டிருந்தால் தயாரிப்பாளரின் கையேடு சொல்கிறபடி செய்வதே முறை. அது பெரும்பாலும் மாற்றுவதாகத்தான் இருக்கும். பெயின்ட் இல்லாத, சொரசொரப்பான கறுப்பு ஓரப்பட்டைகளும் அப்படியே. வெல்டு உறுதியாக நிற்கும், ஆனால் தழும்பு தெரியும். விதிவிலக்குகள் இருக்கின்றன, அவற்றையே விதியாக்குவதுதான் தவறு.

வாதம் 3: "மெக்கானிக்கல் பாகங்கள் இப்போது செட்டாகத்தான் வருகின்றன"

செட்டாக விற்கிறார்கள் என்பது உண்மை. செட்டாகத்தான் கெடுகிறது என்பது உண்மையல்ல.

செல்ஃப் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதில் தேய்வது பெரும்பாலும் கார்பன் பிரஷ், புஷ், சாலினாய்டின் செப்புத் தொடர்புகள். நம்மூர் பேச்சில் டைனமோ எனப்படும் ஆல்டர்னேட்டரில் பிரஷ், பேரிங், ரெகுலேட்டர், ரெக்டிஃபையர். செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யும், 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் சென்னை பாடியில் இயங்குகிறது. அதைச் சுற்றி வளர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பரம்பரை தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் உண்டு. அவர் மேசையில் பிரித்துப் போட்டு ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு முழு மோட்டாரையும் மாற்றச் சொல்வதில் பொறியியல் காரணம் ஏதும் இல்லை. ஆர்மேச்சர் கருகியிருந்தால் மட்டுமே மாற்றும் பேச்சு எழ வேண்டும்.

லோயர் ஆர்மின் கதையும் இதுதான். ரப்பர் புஷ் கிழிந்தால் வேகத்தடையில் டொக் டொக்கென்று சத்தம் வரும், டயர் ஒரு பக்கம் தேயும். ஆர்ம் வளையாமலும் துருவேறாமலும் இருந்தால் புஷ்ஷை மட்டும் பிரெஸ்ஸில் அழுத்தி எடுத்துப் புதிது போடலாம். முன்சக்கர ஆக்சிலில் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறிப்பதை அன்றே பார்த்துவிட்டால் பூட், கிரீஸ், கிளாம்ப் மூன்றோடு வேலை முடிந்தது. பார்க்காமல் விட்டு மண் உள்ளே போய், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது கடகடவென்று ஒலி வந்துவிட்டால் ஜாயின்ட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். செலவு எவ்வளவு என்பதை இங்கே நிர்ணயிப்பது, எப்போது பார்த்தோம் என்பதுதான்.

பிரேக்கில் இதற்கு அளவுகோலே உண்டு. டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்ற குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து சொல்லலாம். ஆனால் "டிஸ்க் போச்சு சார்" என்று விரலால் தடவிப் பார்த்துச் சொல்பவர்தான் அதிகம். அளவு கேளுங்கள். குறைந்தபட்சத்துக்குக் கீழே போயிருந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றுங்கள். மேலே இருந்தால் பெரும்பாலும் பேட் மட்டும் போதும்.

வாதம் 4: "எல்லாம் கம்ப்யூட்டர், அது சொல்வதை மாற்றித்தான் ஆக வேண்டும்"

கம்ப்யூட்டர் எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்வதில்லை. எங்கே தேட வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது.

டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி-0171 என்று கோட் வருகிறது. கலவையில் எரிபொருள் குறைவு, காற்று அதிகம் என்பதுதான் அதன் பொருள். காரணம் விரிசல் விட்ட ஒரு வேக்கம் குழாயாக இருக்கலாம். அழுக்கேறிய காற்று அளவு சென்சாராக இருக்கலாம். பலவீனமான பெட்ரோல் பம்பாகவும் இருக்கலாம். கோட் வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் பணம் போகும், விளக்கு மறுபடியும் எரியும். பி-0420 வந்தால் உடனே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு விலை சொல்வார்கள். அதற்கு முன்னால் சைலன்ஸர் வழியில் கசிவு இருக்கிறதா, சிலிண்டரில் மிஸ்ஃபயர் இருக்கிறதா, சென்சார் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் முறையான வரிசை. காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் சொன்னதும் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பது போன்றது, கோட் வந்ததும் பாகத்துக்கு ஆர்டர் போடுவது.

வாதம் 5: "வெளியே கை வைத்தால் வாரன்டி போய்விடும்"

2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததே முக்கியக் குற்றச்சாட்டு. வெளியே பழுதுபார்த்தால் வாரன்டி முழுதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடுவதும் கூடாது என்றது ஆணையம். அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் ஆணையம் பதிவுசெய்த நியாயம் தெளிவானது. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காகத் தனி இணையதளம் தொடங்கியபோது, எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று.

வெளியே செய்த தவறான வேலையால் ஒரு பாகம் கெட்டால் அதற்கு வாரன்டி கேட்க முடியாது, அது நியாயமே. பம்பரை வெளியே வெல்டு செய்ததற்காக என்ஜின் வாரன்டியை மறுப்பதில் நியாயம் இல்லை. பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

வாதம் 6: "இன்சூரன்ஸ்தானே கொடுக்கிறது, உங்களுக்கென்ன?"

எல்லாவற்றையும்விட மக்களை எளிதில் மயக்கும் வாதம் இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படும். அதன் மேல், 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். பம்பரின் விலை 10,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், கைக்கு வருவது 4,000. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' எடுத்திருந்தால் 9,000.

இப்போது மறுபக்கம். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். சொந்த சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய் என்றும் அது மாறாது என்றும் கொள்வோம். 50 சதவீத போனஸில் இருந்தவர் 4,000 கட்டிக்கொண்டிருந்தார். கிளெய்முக்குப் பின் அடுத்தடுத்த ஐந்து புதுப்பித்தல்களில் கட்டுவது 8,000, 6,400, 6,000, 5,200, 4,400. கூடுதலாகப் போவது மொத்தம் 10,000 ரூபாய். ஜீரோ டெப்பில் வாங்கிய 9,000கூட இதற்கு ஈடாகாது. காரின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் நடைமுறையில் தொகை சற்றுக் குறையலாம். போனஸ் பாதுகாப்பு தனியாக எடுத்தவருக்குக் கணக்கு வேறு. ஆனாலும் சின்ன அடிக்குக் கிளெய்ம் போடுவது பெரும்பாலும் வாங்கிய பணத்தை நாமே தவணையில் திருப்பிக் கட்டுவதுதான். அந்த அடியை வெல்டும் பெயின்டுமாக முடித்துக்கொண்டால் போனஸ் அப்படியே நிற்கும்.

எவற்றை மாற்றியே ஆக வேண்டும்?

வெடித்த ஏர்பேக், விபத்தில் இறுகிய சீட் பெல்ட், வெடிப்பு விட்ட பிரேக் ஹோஸ், காலக்கெடு முடிந்த டைமிங் பெல்ட், ஆட்டம் கண்ட பால் ஜாயின்ட், வளைந்த குறுக்குச்சட்டம். இவற்றில் ரிப்பேர் பேச்சே கூடாது. சிக்கனம் பார்ப்பவர்களுக்கும் இதில் சலுகை இல்லை. உயிரைத் தாங்கும் பாகத்தைப் புதிதாகப் போடு, தோற்றத்துக்கான பாகத்தைச் சரிசெய், தேயும் பாகத்தை அளந்து பார்த்து முடிவெடு. இவ்வளவுதான் கோட்பாடு.

அடுத்த முறை எஸ்டிமேட் கைக்கு வரும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் கெட்டது எது, முழு செட்டா, உள்ளிருக்கும் ஒரு துண்டா? எதை வைத்து அளந்தீர்கள், வந்த அளவு என்ன? கழற்றிய பழைய பாகத்தை எனக்குத் தருவீர்களா? மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்பவர் மாற்றச் சொன்னால் தயங்காமல் மாற்றுங்கள். பதில் சொல்லாதவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு, பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் போங்கள்.