ஒரு பல்லி ஐந்தான கதை: இனத்தைச் சரியா எண்ணுறது ஏன் முக்கியம்?

கால் இல்லை. வழவழப்பான உடம்பு. மண்ணுக்குள்ளதான் வாழ்க்கை. பார்த்ததும் பாம்புன்னுதான் சொல்வோம். ஆனா, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கும் 'அன்னியெல்லா' ஒரு பல்லி. பாம்புக்குக் கண் இமை கிடையாது. இது கண்ணை மூடித் திறக்கும். ஆபத்து வந்தால் வாலைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கும்.

சரி, பாம்பு இல்லை. இதில் எத்தனை இனம்? அங்கேதான் சிக்கலே.

ஒன்று ஐந்தானது எப்படி?

2013 வரை கலிஃபோர்னியாவில் இருப்பது 'அன்னியெல்லா புல்க்ரா' என்ற ஒரே இனம்தான் என்று கணக்கு. தியோடர் பாப்பன்ஃபஸ், ஜேம்ஸ் பர்ஹாம் என்ற இரு விஞ்ஞானிகள் மாநிலம் முழுக்கப் பல இடங்களில் அட்டைத் துண்டுகளைத் தரையில் போட்டுவைத்துத் தேடினார்கள். அட்டைக்கு அடியில் ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் பல்லி வந்து தங்கும்.

டிஎன்ஏவை ஒப்பிட்டபோது, ஐந்து தனித்தனிக் கிளைகள் தெரிந்தன. உடம்பையும் பார்த்தார்கள்: வயிற்றின் நிறம், பக்கவாட்டுக் கோடுகள், செதில்கள், முதுகெலும்புக் கணுக்களின் எண்ணிக்கை. 2013-ல் நான்கு இனங்களுக்குப் புதிதாகப் பெயர் வைத்தார்கள். ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலைய ஓடுபாதையை ஒட்டிய மணல்மேட்டில் கிடைத்தது. ஊதா வயிறு கொண்ட இன்னொன்று பேக்கர்ஸ்ஃபீல்டு நகரத்துக் காலி மனையில். மூன்றாவது, எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த பகுதியில். நான்காவது, மொஹாவி பாலைவனத்தின் ஓரத்தில்.

கறுப்பு நிறம் ஏமாற்றியது

'டிஎன்ஏ வந்ததும் இஷ்டத்துக்குப் புது இனம் அறிவிக்கிறாங்க' என்று ஒரு விமர்சனம் உண்டு. இதே பல்லியே அதற்குப் பதில். மான்டெரே விரிகுடா ஓரத்தில் கறுப்பாக இருக்கும் பல்லிகளை ஒரு தனிப் பிரிவாக வைத்திருந்தார்கள். தெற்கே மோரோ விரிகுடாவிலும் கறுப்புப் பல்லிகள் உண்டு. மரபணு ஆய்வு சொன்னது வேறு: இரண்டு இடத்திலும் கறுப்பு நிறம் தனித்தனியாக உருவானது. அவை தனி இனம் இல்லை, புல்க்ராவேதான். அதாவது, மரபணு ஆய்வு பிரிக்க மட்டும் செய்யவில்லை, சேர்த்தும் வைத்தது.

புல்க்ராவுக்கும் விமான நிலையப் பல்லிக்கும் வயிறு மஞ்சள்தான். கண்ணை மட்டும் நம்பியிருந்தால் இரண்டையும் ஒன்று என்போம். கறுப்பை மட்டும் வேறு என்போம். இரண்டுமே தப்பு.

நமக்கென்ன?

மாநிலம் முழுக்க ஒரே இனம் என்றால், ஒரு மணல்மேட்டை இடித்தாலும் 'வேற இடத்துல நிறைய இருக்கே' என்று சொல்லிவிடலாம். ஐந்து இனம் என்று தெரிந்த பிறகு அந்தப் பதில் செல்லாது. சிறிய பரப்பில் மட்டும் வாழும் இனத்துக்கு அந்த நிலம் போனால், போக வேறு இடமே இல்லை. வயலும் எண்ணெய்க் கிணறும் கட்டடமும் சூழ்ந்த பல்லிக்கு இது உடனடிப் பிரச்னை.

அதனால்தான், வகைப்பாட்டியலை அருங்காட்சியகத்துப் பழைய வேலையாக ஒதுக்காமல் பணமும் ஆளும் தர வேண்டும் என்கிறேன். உடம்பையும் மரபணுவையும் சேர்த்துப் பார்க்கும் பொறுமையான வேலை அது. இருக்குன்னே தெரியாத ஒன்றை எந்தச் சட்டமும் காப்பாற்றாது.