ரேஞ்ச் ரோவருக்கு கிளட்ச் வைக்கணுமா?

லண்டன் நண்பரின் 2002 ரேஞ்ச் ரோவரில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போயிடுச்சு. "மேனுவலா மாத்திடவா டாக்டர்?"னு கேட்டார்.

வேண்டாம்ங்க.

1970ல வந்த முதல் ரேஞ்ச் ரோவர் மேனுவல் மட்டும்தான். உங்க மாடல் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். கம்பெனியே மேனுவல் போடாத வண்டி இது.

கியர்பாக்ஸோட முடியாது. கிளட்ச், பெடல், ஃப்ளைவீல், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்னு வரிசையா வரும். அதைக்கூட செஞ்சிடலாம், ஈசியூதான் வில்லன். பழைய கியர்பாக்ஸ் சிக்னல் வரலைன்னா வார்னிங் லைட் எரியும், பவரைக் குறைச்சிடும். மாற்று கிட்னியை உடம்பு நிராகரிக்கிற கதைதான். ஆனா இதுக்கு மாத்திரை கிடையாது!

இறக்கத்துல மேனுவலோட எஞ்சின் பிரேக்கிங் நல்லா பிடிக்கும், ஒத்துக்கறேன். ஆனா சேற்றுல ஊர்ந்து போகும்போது டார்க் கன்வெர்ட்டர் பார்க்கிற வேலையை உங்க இடது கால் பார்க்கணும். அரை கிளட்ச்லயே ஓட்டினா பிளேட் கருகிடும்.

அந்தக் காசுல இருக்கிற கியர்பாக்ஸையே ஓவர்ஹால் பண்ணுங்க. கிளட்ச் மிதிச்சே ஆகணும்னா பழைய டிஃபெண்டர் ஒண்ணு தேடுங்க.