நெஞ்சைப் பார்த்தவர்கள் காலையும் பார்க்கட்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நம் ஆய்வுக்கூட அலமாரியில் இசைக்கவைகள் உறங்குகின்றன. ஒத்ததிர்வுச் சோதனைக்கு மட்டுமே அவை உதவும் என்றுதான் எண்ணியிருந்தேன். வினாடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைக் கால் பெருவிரல் எலும்பில் வைத்து, "அதிர்வு தெரிகிறதா?" என்று கேட்டே நீரிழிவு நோயாளியின் நரம்பு நலத்தை மருத்துவர் அறியலாமாம். இதை அறிந்தபோது வியப்பினும் வருத்தமே மிகுந்தது.

என் தந்தை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற ஆண்டு ஒருநாள் இரவு ஷிப்டு முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றினார். உள்ளங்காலில் ஓர் ஆணி! எப்போது ஏறியது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஆறாத புண்ணால் நாற்பது நாள் கூலி போயிற்று. அதற்கு ஒரு மாதம் முன்புதான் மருத்துவ முகாம் ஒன்றில் இரத்த அழுத்தமும் கொழுப்பும் மிகுதி என்று தாளில் எழுதித் தந்திருந்தார்கள். பூட்ஸைக் கழற்றச் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இவை இரண்டும் வேறு வேறு செய்திகளா? அல்ல. நரம்புக்கும் உணவும் பிராணவாயுவும் வேண்டும். அவற்றைக் கொண்டுவரும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சர்க்கரையும் கொழுப்பும் அழுத்தமும் பழுதாக்கினால் நரம்பு பட்டினி கிடக்கிறது. காலுக்குச் செல்லும் நரம்பே மிக நீளமானது. ஆகவே பாதமே முதலில் மரத்துப்போகிறது. ஐரோப்பாவில் முதல் வகை நீரிழிவுள்ள 1,172 பேரை ஏழாண்டுகளுக்கு மேல் கவனித்து 2005-இல் வெளியான ஆய்வு, டிரைகிளிசரைடு மிகுதி, உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன், புகைப்பழக்கம் உடையோர்க்கு நரம்புப் பாதிப்பு மிகுதியாக வந்ததைக் காட்டிற்று. 2008-இல் வெளியான சென்னை ஆய்விலோ, நீரிழிவுள்ளோரில் 26.1 விழுக்காட்டினர்க்கு இப்பாதிப்பு இருந்தது. நால்வரில் ஒருவர்!

இதயத் தசையின் நலிவைக் காட்டும் டிரோபோனின் போன்ற புரதங்களால் நரம்புச் சேதத்தை முன்னறியலாமா என்றும் இன்று ஆராய்கிறார்கள். நல்லதே. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி அதுவரை காத்திருக்க வேண்டுமா? கையிலுள்ள தாளே எச்சரிக்கைக்குப் போதும்.

அழுத்தம் மிகுந்த எல்லாருக்கும் நரம்பு கெடுமா என்று சிலர் கேட்கலாம். கெடாது. இரத்தச் சோதனை ஐயத்தை எழுப்பும். உண்மையைப் பாதம்தான் சொல்லும். எனவே நீரிழிவுள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொரு முறை பாதச் சோதனை வேண்டும். அழுத்தமும் கொழுப்பும் மிகுந்தவரை முதலில் அழைக்க வேண்டும். தேவைப்படுவது ஓர் இசைக்கவை, 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழை, ஐந்து நிமிடம்.

வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்களைச் சிதைப்பதில் வலி தெரியாமைக்குப் பெரும் பங்குண்டு என்று உலகுக்குக் காட்டினார். வலி இயற்கை தந்த காவலாளி. அவன் உறங்கிவிட்ட வீட்டில் நாம்தான் விழித்திருக்க வேண்டும்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் நீரிழிவுள்ளோர் இருப்பார்கள். இன்றிரவு அவர்களுடைய உள்ளங்காலை ஒருமுறை விளக்கொளியில் பாருங்கள். நான் நாள்தோறும் பார்க்கிறேன்.