பசுமைக்குடில் கணக்குல அப்பாவோட கூலி எங்கே?



"ஓசூர் பக்கம் ஊர்ல நிலம் இருக்கு. பத்து சென்ட்ல பசுமைக்குடில் போட்டு கலர் குடைமிளகாய் வைக்கலாம்னு இருக்கேன். கணக்கு சரியா இருக்கா பாருங்க சார்." இப்படி எக்ஸெல் ஷீட் அனுப்புறவங்க நிறைய பேர். அதுல ஜிஐ பைப், பாலித்தீன் ஷீட், சொட்டுநீர், நாற்று, உரம் எல்லாம் பக்காவா இருக்கும். ஆள் கூலி வரியில மட்டும் பூஜ்யம். கேட்டா, "அப்பா பார்த்துக்குவார்."

என் கருத்து இதுதான்: அந்தப் பூஜ்யத்தை மாத்தாம ஒரு ரூபாய்கூட உள்ளே போடாதீங்க.

கட்டுறது சில நாள், பார்க்கிறது தினமும்

குடில் கட்ட ஆள் கிடைச்சிடும். வளைவுக் குழாய்களை நட்டு, காத்து இல்லாத காலையில நாலஞ்சு நண்பர்கள் ரெண்டு பக்கமும் ஷீட்டைப் பிடிச்சு இழுத்தா, சின்னக் குடிலுக்குக் கூரை போட்டுடலாம். அவங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிடுவாங்க.

அப்புறம்? வெயில் ஏறுறதுக்குள்ள பக்கத் திரையைச் சுருட்டணும், இல்லைன்னா உள்ளே செடி வெந்துடும். மழைக்காத்து வந்தா இறக்கணும். கொடி கட்டணும், கவாத்து பண்ணணும், பூச்சி பார்க்கணும். இதுக்கு லீவே கிடையாது.

கணக்கு போடுவோம்

எண்கள் உதாரணத்துக்குத்தான். முதலீடு 4 லட்சம். ஷீட்ல காட்டுற வருஷ லாபம் 1,50,000. அதாவது 37.5% வருமானம். சூப்பர்!

இப்போ அப்பாவுக்கு அரை நாள் கூலி 300 ரூபாய் போடுங்க. மாசம் 9,000, வருஷம் 1,08,000. மீதி 42,000.

அடுத்தது ஷீட். இரும்புக் குழாய் பல வருஷம் நிக்கும். யூவி பாலித்தீன் ஷீட்டை மூணு முதல் அஞ்சு வருஷத்துல மாத்தியாகணும். மூணு வருஷத்துக்கு ஒருமுறை 45,000 ஆகும்னா, வருஷத்துக்கு 15,000 எடுத்து வைக்கணும். மீதி 27,000. வருமானம் 6.75%. கிட்டத்தட்ட எஃப்டி ரேஞ்ச்!

மிச்ச லாபம் எல்லாம் எங்கே இருந்து வந்துச்சு? அப்பாவோட முதுகுல இருந்து.

"மானியம் 50% வருதே"ம்பீங்க. நல்லதுதான். ஆனா அது பெரும்பாலும் வேலை முடிஞ்சு, ஆய்வு நடந்த பிறகுதான் வரும். அதுவரைக்கும் பர்சனல் லோன் வட்டி ஓடும். "விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே"ங்கிறதும் பாதி உண்மைதான். உங்க பேர்ல அது 5,000 ரூபாயைத் தாண்டினா, சம்பளத்துக்கான வரி விகிதத்தை முடிவு பண்ண அதையும் சேர்ப்பாங்க. நஷ்டம் வந்தா சம்பளத்துல கழிக்க முடியாது.

என்ன செய்யலாம்?

குடில் வேண்டாம்னு சொல்லலை. 20 அடி அகலம், 50 அடி நீளத்துல சின்னதா ஆரம்பிங்க. அஞ்சடிக்கு ஒரு வளைவு, மொத்தம் 11 வளைவு. ஒரு முழு பயிர் எடுத்துப் பாருங்க. யார் வேலை செஞ்சாலும், அப்பாவா இருந்தாலும், மாசாமாசம் கூலியை அவங்க அக்கவுன்ட்ல போடுங்க. அதுக்கு அப்புறமும் லாபம் நின்னா, தைரியமா பத்து சென்ட்டுக்குப் போங்க.

அப்பாகிட்ட "முடியுமா?"ன்னு கேட்காதீங்க. முடியும்னுதான் சொல்வார். "உங்களுக்கு உடம்பு முடியாத அன்னைக்கு யார் திரையைச் சுருட்டுவா?"ன்னு கேளுங்க. அந்த ஆளோட பேரும் கூலியும் ஷீட்ல ஏறின பிறகு எனக்கு அனுப்புங்க.