இரண்டு மணி நேரப் பாடம்

நுழையும்முன்

பள்ளியில் கற்கும் அறிவியல் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுகிறதா? பாடநூலில் இடம்பெற்ற ஒரு சொல்லும் ஒரு வாய்பாடும் உயிர்காக்கும் நேரத்தில் துணைநிற்க வேண்டுமெனில், அவற்றை எவ்வாறு கற்க வேண்டும்? காவிரியின் கடைமடையில், கடலோரத்தில் அமைந்த காரைக்காலை முன்வைத்து இக்கட்டுரை இவ்வினாக்களை ஆராய்கிறது.

கரையில் ஒரு மாணவி

அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால் கடற்கரைக்கு மாலை வேளையில் வரும் மாணவி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் பதினொன்றாம் வகுப்பு பயில்பவர். காலையில்தான் இயற்பியல் வகுப்பில் அலைகளைப் பற்றிப் படித்திருக்கிறார். அலைநீளம், அதிர்வெண், வீச்சு, திசைவேகம் ஆகிய நான்கிற்கும் பிழையின்றி வரையறை எழுத அவரால் முடியும். அவருக்கு முன்னால் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மணலில் உடைகின்றன. ஆனால், புத்தகத்தின் அலையும் கண்முன் உள்ள அலையும் அவர் மனத்தில் இன்னும் ஒன்றாகவில்லை.

அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இதே கரையில் ஒரு பேரிடர் நிகழ்ந்தது. ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் நாள் மீனவச் சிற்றூர்களில் மக்கள் கூடி, கடலில் மலர்தூவி, இழந்தவர்களை நினைவுகூர்கின்றனர். அந்த நாளையும் வகுப்பறைப் பாடத்தையும் இணைத்துப் பார்க்கும்போது அம்மாணவியின் மனத்தில் ஒரு கேள்வி எழக்கூடும்: ‘இந்தப் பாடம் அன்று யாருக்காவது பயன்பட்டிருக்குமா?’

பயன்பட்டிருக்கும் என்பதே விடை. பயன்பட்டும் இருக்கிறது. ஆனால், எப்படிக் கற்ற பாடம் பயன்பட்டது என்பதில்தான் அறிவியல் கல்வியின் பயனே அடங்கியிருக்கிறது.

கையில் இருந்த நேரம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்திராத் தீவின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்குத் தொடங்கிய பிளவு அந்தமான் தீவுகளை நோக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. புவியின் உட்புறம் வழியாகப் பரவும் அதிர்வுகள் தமிழகக் கரையை அடையச் சில நிமிடங்களே போதும். நீரின் வழியாக வந்த ஆழிப்பேரலையோ இங்கு வந்துசேர இரண்டு மணி நேரத்திற்கும் மேல் எடுத்துக்கொண்டது. பதினான்கு நாடுகளில் இரண்டு இலட்சத்து இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த அந்த அலை, காரைக்கால், நாகப்பட்டினம் கரைகளுக்கு உடனே வந்துவிடவில்லை. செய்தி கிடைத்திருந்தால் நடந்தே தப்பிவிடும் அளவிற்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தை நிரப்ப வேண்டிய அறிவுதான் கரையில் இல்லை.

இரண்டு மணி நேரம் என்பதை அம்மாணவியே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆழிப்பேரலையின் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதனோடு ஒப்பிட்டால் நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள பெருங்கடலும் ஒரு தாம்பாளத்து நீர்போன்றதே. இத்தகைய அலையின் வேகத்தைக் காண, ஈர்ப்பு முடுக்கத்தையும் நீரின் ஆழத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் போதும். ஈர்ப்பு முடுக்கத்தைத் தோராயமாக 10 எனக் கொண்டால், 4,000 மீட்டர் ஆழத்தில் அலையின் வேகம் நொடிக்கு 200 மீட்டர். அதாவது மணிக்கு 720 கிலோமீட்டர். கரையை நெருங்கி ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது வேகம் நொடிக்கு 10 மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர்.

வேகம் குறைவதால் ஆபத்து குறைவதில்லை. அலையின் முன்பகுதி தயங்க, பின்பகுதி விரைந்து வந்து நெருக்குகிறது. நீண்டு பரந்திருந்த நீர் குறுகி, உயர்ந்து எழுகிறது. அன்று நடுக்கடலுக்கு மேலே சென்ற செயற்கைக்கோள் ஒன்று அலையின் உயரத்தை ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் என்றே அளந்தது. ஆழ்கடலில் இருந்த படகுக்குத் தெரியாத அலை, கரையில் இருந்த வீட்டைப் புரட்டிப்போட்டதற்குக் காரணம் இதுதான். ஒரே வாய்பாடு அலை வந்த நேரத்தையும் அதன் உயரத்தையும் விளக்கிவிடுகிறது.

மனனமும் காரணமும்

‘ஆழிப்பேரலை வருவதற்கு முன் கடல் உள்வாங்கும்’ என்று பலரும் சொல்லக் கேட்கலாம். மாணவரும் அதை ஒரு மதிப்பெண் விடையாக மனத்தில் பதித்துக்கொள்வர். அந்தக் கூற்று உண்மைதான். ஆனால், பாதி உண்மை.

இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் அடியில் செருகிச் செல்லும் இடத்தில் அந்த நிலநடுக்கம் நேர்ந்தது. பிளவின் மேற்குப் பக்கத்தில் கடலடித் தரை உயர்ந்தது. கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. தரைக்கு மேலிருந்த நீரும் அவ்வாறே மேற்கில் உயர்ந்தது, கிழக்கில் தாழ்ந்தது. ஆகவே, கிழக்கே இருந்த தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இருந்த இந்தியாவிலும் இலங்கையிலும் கடல் முதலில் உயர்ந்தே வந்தது. முதல் அலைக்குப் பின்னர் தமிழகக் கரையின் பல இடங்களில் கடல் பின்வாங்கியது. அதைக் கண்டு வியந்து நின்றவர்களை நோக்கி அடுத்த அலை வந்தது.

‘கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும்’ என்பதை மட்டும் மனனம் செய்த ஒருவர், கடல் உள்வாங்கவில்லை என்பதால் அச்சமில்லை எனக் கருதிக் கரையிலேயே நின்றிருப்பார். தரை எப்பக்கம் உயர்ந்தது, எப்பக்கம் தாழ்ந்தது என்னும் காரணத்தைக் கற்றவரோ, கடல் எவ்வாறு தொடங்கினாலும் அடுத்து வருவதை எதிர்பார்த்திருப்பார். அலை ஒன்றோடு முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அறிகுறியை மட்டும் கற்பது, அதே அறிகுறி தோன்றும் இடத்தில்தான் உதவும். காரணத்தைக் கற்பது, அறிகுறி மாறும் இடத்திலும் உதவும்.

இரண்டு சொற்கள்

தமிழில் ‘கடல்கோள்’ என்னும் பழஞ்சொல் உண்டு. காரைக்காலுக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதாக மணிமேகலை கூறுகிறது. இந்திரவிழா கொண்டாடத் தவறியது அதற்குக் காரணமாகக் காப்பியத்தில் சொல்லப்படுகிறது. இழப்பின் துயரை அச்சொல் பல நூற்றாண்டுகளாகச் சுமந்து வந்துள்ளது. ஆனால், கடல் பொங்கும்போது என்ன செய்ய வேண்டும் என்னும் செய்தி அச்சொல்லோடு சேர்ந்து வரவில்லை.

நிலநடுக்கத்தின் மையத்திற்கு மிக அருகில் இருந்த சிமெலுவே என்னும் இந்தோனேசியத் தீவில் ‘சுமோங்’ என்றொரு சொல் வழங்குகிறது. 1907ஆம் ஆண்டு அத்தீவை ஒரு பேரலை தாக்கியது. அன்று பிழைத்தவர்கள் தம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அச்சொல்லை வழிமுறையோடு சேர்த்தே சொல்லிக்கொடுத்தனர்: நிலம் வலுவாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால் குன்றை நோக்கி ஓட வேண்டும். 2004இல் அலை அத்தீவை அடையப் பத்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. பத்து நிமிடம்கூட இல்லாதவர்கள் பிழைத்தனர். இரண்டு மணி நேரம் இருந்தவர்கள் மாண்டனர். இவ்வேறுபாட்டைக் கருவிகளால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஒரு சொல்லை அறிந்திருப்பதற்கும், அச்சொல்லைக் கேட்டவுடன் செய்ய வேண்டியதை அறிந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

தெரிந்து தெளிவோம்
‘சுனாமி’ என்பது ஜப்பானியச் சொல். ‘சு’ என்பது துறைமுகத்தையும் ‘நாமி’ என்பது அலையையும் குறிக்கும். ஆழ்கடலில் உணரப்படாமல் கரையில் மட்டும் பேருருக் கொள்ளும் அலைக்கு இப்பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது.

பள்ளியிலிருந்து கரைக்கு

முன்னோர் நினைவு இல்லாத இடத்தில் அப்பணியைச் செய்ய வேண்டியது பள்ளிக்கூடம். அன்று தாய்லாந்தின் புக்கட் தீவுக் கடற்கரையில் பெற்றோருடன் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி டில்லி சுமித், கடல் வழக்கத்திற்கு மாறாக நுரைத்துக் கொந்தளிப்பதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் ஆசிரியர் ஆழிப்பேரலையைப் பற்றி நடத்திய பாடம் அவள் நினைவிற்கு வந்தது. அவள் விடாது வலியுறுத்தியதால் அக்கரையில் இருந்தவர்கள் எச்சரிக்கப்பட்டு உயிர்பிழைத்தனர். அவளுக்கு வாய்த்தது அரிய அறிவன்று. பிற மாணவரும் கற்ற பாடமே. அவள் அதைக் கடற்கரைக்கும் எடுத்துச் சென்றிருந்தாள்.

தொலைநாட்டை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. காரைக்கால் அங்கம் வகிக்கும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலேயே நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூர் உள்ளது. சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர்க்காரர் ஒருவர் அங்குக் கிடைத்த செய்தியைக் கேட்டு, ஊருக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். மா.சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு அங்கு நடத்தப்பட்ட ஊரக அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. நாள்தோறும் கடல்நிலைச் செய்தியைக் கேட்டுப் பழகியிருந்த மக்கள், அன்று அதன்வழி வந்த எச்சரிக்கையையும் நம்பி வெளியேறினர். வீடுகளும் படகுகளும் சேதமுற்றன. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். தெரிந்த ஒருவர், சொல்வதற்கு ஒரு வழி, கேட்டு நம்பும் மக்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் போதுமானதாயிற்று.

கருவி இருக்கப் பாடம் எதற்கு?

‘எச்சரிப்பது அரசின் கடமை, மாணவர் தேர்வுக்குப் படித்தால் போதாதா?’ என்று கேட்கலாம். அரசு தன் கடமையைச் செய்யத்தான் வேண்டும். 2007ஆம் ஆண்டு ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. கடலடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகளும் கரையோர நீர்மட்ட அளவிகளும் அதற்குத் தகவல் தருகின்றன. காரைக்காலிலும் இந்திய வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இயங்குகிறது. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரைகடந்த கஜா புயலின் நகர்வை அந்த ரேடாரும் கண்காணித்தது.

எனினும், கருவி தருவது செய்தியை மட்டுமே. செய்தியைப் பொருள்கொள்ள அறிவு வேண்டும். புயலின் கண் கடக்கும்போது காற்று திடீரென அடங்கும். அழுத்த வேறுபாட்டையும் சுழற்சியையும் பற்றி அறியாதவர் புயல் ஓய்ந்துவிட்டதென வெளியே வருவார். அறிந்தவரோ, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று வீசும் என்று வீட்டிற்குள்ளேயே இருப்பார். இருவருக்கும் கிடைத்த எச்சரிக்கை ஒன்றே. இருவரும் பயின்ற பாடநூலும் ஒன்றாகவே இருக்கலாம்.

பாடநூல் எல்லா ஊர்களுக்கும் பொதுவானது. காரைக்காலின் தரையை அதில் எழுத முடியாது. எழுதப்படாத அப்பகுதியை நிரப்புவது மாணவரின் பணி. சிமெலுவே மக்களுக்குக் குன்று இருந்தது. காரைக்காலில் குன்று இல்லை. சுற்றிலும் வயல்வெளியாய் விரிந்த, கடல்மட்டத்திற்குச் சில மீட்டரே உயர்ந்த வண்டல் நிலம் இது. எனவே, உள்நோக்கிச் செல்லும் சாலை எது, உறுதியான மாடிக் கட்டடம் எங்குள்ளது என்று தேட வேண்டும். ஆற்றின் முகத்துவாரம் அலைக்குத் திறந்த வாயில். ஆகவே, ஆற்றங்கரையோரமாக ஓடுவது பாதுகாப்பாகாது. கரையோர மணல்மேடு இயற்கை அமைத்த அரண். அதை அகற்றினால் நேரும் இழப்பை அதே இயற்பியல்தான் சொல்கிறது.

தேர்வு ‘ஆழிப்பேரலை என்றால் என்ன?’ என்று கேட்கிறது. ‘நீவிர் நிற்கும் இடத்திலிருந்து எத்திசையில், எவ்வளவு தொலைவு செல்வீர்? ஏன்?’ என்று அது கேட்பதில்லை. முதல் வினாவிற்கு விடை நூலில் உண்டு. இரண்டாவது வினாவிற்கான விடையை ஊரை நடந்து பார்த்தே எழுத வேண்டும். காரைக்காலுக்குக் கடல் என்றால், மலையூருக்கு நிலச்சரிவு. ஆற்றங்கரை ஊருக்கு வெள்ளம். நகரத்திற்கு மழைநீர் வடியாத தெரு. ஒவ்வோர் ஊருக்கும் இப்படி எழுதப்படாத ஒரு பாடம் இருக்கிறது.

மாலை மங்குகிறது. அம்மாணவி கரையைவிட்டுத் திரும்புகிறார். வழக்கமாக வரும் வழிதான். ஆனால், இன்று எந்தத் தெரு உயர்ந்திருக்கிறது, எந்தத் தெரு ஆற்றை நோக்கித் தாழ்கிறது என்று பார்த்துக்கொண்டே நடக்கிறார். வீட்டை அடைந்ததும் எத்தனை நிமிடங்கள் ஆயின என்று கடிகாரத்தைப் பார்த்து, அலைகளைப் பற்றிய பாடக்குறிப்பின் ஓரத்தில் அந்த எண்ணைக் குறித்துவைக்கிறார்.