பழைய கார்களும் பதிவுபெறாத கைகளும்

ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டங்கள் தொடங்கியதும் பழைய மோட்டார்க் கார்கள் சில மலையேறி வருவதைக் காணலாம். மொரிஸ் மைனர், ஒஸ்ரின், லான்ட் றோவர் என்னும் பெயர் தாங்கிய அவ்வண்டிகள் புதுப்பூச்சும் மெருகும் பெற்று நிற்கும். 1930களிலே மஹகஸ்தொட்டைத் தோட்டத்துச் சாலையில் தொடங்கிய மலையேற்றப் போட்டியைப் பற்றிய பேச்சும் உடன் எழும். பார்ப்போர் வியப்பர், பத்திரிகைகள் எழுதும். அவ்வெழுத்துக்களில் வண்டி வெளிவந்த ஆண்டு உண்டு. என்ஜினின் கனவளவு உண்டு. முதலில் வாங்கிய துரையின் பெயர் உண்டு. இன்று வைத்திருப்பவரின் பெயரும் உண்டு. இடைப்பட்ட ஐம்பது அறுபது ஆண்டுகள் அவ்வண்டியை ஓடச்செய்தவர் யார் என்ற வினாவுக்கு மட்டும் விடை இல்லை. அவ்வினா எழுப்பப்படுவதே இல்லை என்பதுதான் உண்மை.

இவ்விடயத்திலே இரு சாரார் உளர். ஒரு சாரார் இக்கார்களைத் துரைமார் காலத்துப் பெருமையின் எச்சங்களாகப் போற்றுவர். மற்றச் சாரார், அவை அடிமை வாழ்வின் சின்னங்கள், செல்வரின் விளையாட்டுப் பொருள்கள், ஆராய்ச்சிக்கு உரியனவல்ல என்று ஒதுக்குவர். முதற் சாரார் உழைப்பை மறைத்துப் பொருளைப் போற்றுகின்றனர். இரண்டாம் சாரார் பொருளை வெறுக்கும் வேகத்தில் அதனுள் உறைந்திருக்கும் உழைப்பையும் சேர்த்து எறிந்துவிடுகின்றனர். இரு தரப்பாரும் சென்று சேருமிடம் ஒன்றே: மலையகத் தொழிலாளியின் கைத்திறன் வரலாற்றிலிருந்து விடுபட்டுப் போகின்றது.

1948ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். அவ்வாண்டு ஏப்ரலில் அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் லான்ட் றோவர் முதன்முதலாக வைக்கப்பட்டது. ஒக்ரோபரில் இலண்டன் கண்காட்சியில் மொரிஸ் மைனர் வெளிவந்தது. நவம்பரில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பின்னர் இத்தீவில் வந்திறங்கிய ஒவ்வொரு மொரிஸ் மைனருக்கும் பதிவிலக்கம் கிடைத்தது. அதன் அடியிற் படுத்துக் கிரீஸ் பூசியவருக்கோ நாட்டிலே பதிவு கிடைக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவ்வாறு கப்பலேறி நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் சென்றவர்களோடு, தோட்டத்துப் பட்டறைகளிற் பயின்ற கைகளும் சென்றன. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வண்டியின் பிறப்பாண்டைப் பிழையின்றிச் சொல்லத் தெரிந்தோர் இவ்வாண்டுகளையும் அதனோடு சேர்த்துச் சொல்லாதிருப்பது மறதியன்று, தெரிவு.

இக்கார்கள் இங்கே நிலைத்தமைக்கு உரிமையாளரின் பற்று மட்டுமே காரணம் என்பது மற்றொரு புனைவு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை புதிய வண்டியும் அரிது, உதிரிப்பாகமும் அரிது. வேறு நாடுகளிற் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கக்கூடிய வண்டி, இங்கே வைத்தியருக்கும் வாடகைக்கும் சந்தைக்கும் ஓடவேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025இல் தனியார் கார்களுக்கு வழி திறக்கப்படும்வரை அதே நிலை இன்னொரு முறை வந்தது. பழைமையைக் காத்தது முதலில் தேவை; தேவையை நிறைவேற்றியது திருத்துநரின் அறிவு.

‘அறிவு’ என்ற சொல்லைச் சிலர் இங்கு ஏற்கத் தயங்குவர். ‘கைப்பழக்கம்’ என்றும் ‘குறுக்குவழி’ என்றும் சொல்லிக் கடந்துவிடுவர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கீழ்நாட்டிலுள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கே. கொழும்பிற் சீராக ஓடிய என்ஜின் அங்கு பெற்றோலை மிகுதியாகவும் காற்றைக் குறைவாகவும் உட்கொள்ளும், புகை கறுக்கும், இழுவை குன்றும். எஸ்.யூ. காபரேற்றரின் அடியிலுள்ள திருகைச் சிறிது மேலேற்றியோ, வேறு சரிவுடைய ஊசியை இட்டோ அதனை இசைவாக்க வேண்டும். அவ்வாறு இசைவாக்கிய வண்டி மீண்டும் கொழும்புக்கு இறங்கினால் எரிபொருள் போதாமல் என்ஜின் சூடேறும். இதனை அறிந்து, வண்டி செல்லும் ஊரைக் கேட்டபின்னரே திருகைத் தொடும் மனிதர், வளியமுக்கத்தைப் பற்றிப் புத்தகத்திற் படிக்காதிருக்கலாம், அறியாதவர் அல்லர்.

மலைச்சாலையும் மழையும் கற்பிக்கும் பாடங்கள் இவற்றினும் கடியன. ஹற்றனிலிருந்து கினிகத்தேனைக்கும், நுவரெலியாவிலிருந்து றம்பொடைக்கும் இறங்கும் வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் உருளைப் பிரேக்குகள் சூடேறிப் பிடியிழக்கும். கியரைக் குறைத்து என்ஜினாலேயே வண்டியைத் தடுத்து இறக்க வேண்டும். மொரிஸ் மைனரின் முன் சக்கரத்தைத் தாங்கும் திருகு மூட்டுக்கு உரிய காலத்தில் கிரீஸ் ஏற்றாவிடின் அது தேய்ந்து கழன்று, சக்கரம் மடிந்து வண்டி சாயும். லான்ட் றோவரின் உடல் அலுமினியக் கலவையாதலால் துருப்பிடிக்காது என்று பலர் நம்புவர். போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாடே அவ்வுலோகத்தைத் தெரியச் செய்தது. அடிச்சட்டமோ உருக்கினால் ஆனது. இரு உலோகங்களும் தொடுமிடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியமே முதலில் அரிக்கப்பட்டு வெண்பொடியாக உதிரும். மாதக்கணக்கில் பனியும் தூறலும் ஓயாத ஊரில் அவ்விடத்தைத் தேடிக் கண்டு, இடையிலே றப்பர்த் துண்டையோ பூச்சையோ வைத்து மின்வேதியியலைக் கையாண்டவர்கள் அதற்கு அப்பெயர் சூட்டவில்லை, அவ்வளவே.

இவ்வறிவு எங்கிருந்து வந்தது? ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட கதை பாடப்புத்தகங்களில் உள்ளது. தேயிலைக்குப் பின்னே இயந்திரம் வந்தது. கொழுந்தை உருட்டும் ஜக்சன் இயந்திரங்களும், உலர்த்தும் சிறொக்கோ அடுப்புகளும் ஒவ்வொரு ‘ஸ்டோரிலும்’ ஏறின. கூரைக்கடியில் நீளத் தண்டு சுழன்று, தோற்பட்டிகளால் இயந்திரங்களை இயக்கியது. பறித்த கொழுந்து காத்திருக்காது. இயந்திரம் நின்றால் அன்றைய தேயிலை கெடும். எனவே ஸ்டோரின் அருகிலேயே பட்டறையும், அதிற் பொருத்துநரும் இருக்க வேண்டியதாயிற்று. தேய்ந்த தாங்கிக்கு வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்து, நீலம் தடவிச் சுரண்டி, தண்டுக்கு இசையப் பொருத்தும் அதே வேலைதான் 1922இல் வெளிவந்த ஒஸ்ரின் செவன் போன்ற பழங்கார்களின் என்ஜினுக்கும் தேவைப்பட்டது. துரையின் காரும் தோட்டத்து லொறியும் அப்பட்டறைக்கு வந்ததில் வியப்பில்லை. தமிழர் மட்டுமன்றி, சிங்களப் பாஸ்மாரும் முஸ்லிம் திருத்துநரும் இக்கலையிற் பங்காளிகள். ஒருவரிடம் ஒருவர் கற்றனர். பட்டறை மொழியில் மூன்று இனத்துச் சொற்களும் ஆங்கிலத்தின் சிதைவுகளும் கலந்தே கிடந்தன. இனவாதம் வெளியே வளர்ந்த காலத்திலும் பட்டறைக்குள் இக்கொடுக்கல்வாங்கல் நிற்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி, ‘அசல்’ என்னும் வாதத்தை நோக்கலாம். வண்டியை அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலைக்குக் கொண்டுவருவதே மீளமைப்பு என்றும், உள்ளூர்த் திருத்தங்கள் யாவும் சிதைவுகள் என்றும், இங்கிலாந்திலிருந்து வரும் பாகமே அசல் என்றும் பலர் வாதிடுவர். இவ்வாதம் தன் காலிலேயே இடறி விழுவது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையத்தின் கூட்டோடு, இலங்கையிலேயே அக்காருக்கான பாகங்கள் கையாற் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. இங்கிலாந்தின் அசற்காதலர் தம் காருக்குப் பூட்டியவற்றில் இலங்கைத் தொழிலாளரின் சம்மட்டி அடியும் இருந்தது. அங்கே ஏற்கப்பட்ட கை, இங்கே மட்டும் ‘லோக்கல்’ ஆகி இழிவடைவது யாருடைய கண்ணால் பார்ப்பதால்?

உலகப் பழங்கார்ச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட ரூரின் சாசனமும் இவ்வசல்வாதத்துக்குத் துணை நிற்பதன்று. கட்டிடங்களுக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை அடியொற்றிய அது, புதுப்பிப்பதினும் பேணுவதை முதன்மைப்படுத்துகின்றது. பயன்பாட்டுக் காலத்திற் செய்யப்பட்ட மாற்றங்களையும் வண்டியின் வரலாறாகவே கொள்கின்றது. அவ்வாறாயின், உதிரிப்பாகம் கிடையாத காலத்தில் பூட்டப்பட்ட யப்பானிய என்ஜினும், எண்ணெய்ப் பீப்பாய்த் தகரத்தை வெட்டித் தைத்த அடித்தட்டும் சிதைவுகளல்ல, அவை ஆவணங்கள். பிரேக்கு, சுக்கான் போன்று உயிரோடு தொடர்புடைய பாகங்களைப் புதிதாக்குவது கடமையே. ஆனால் ஏனையவற்றைக் கழற்றி எறியுமுன் படமெடுத்துக் குறித்துவைப்பதற்கு என்ன தடை? இலக்கத்தகட்டையே பாருங்கள். ஆங்கில எழுத்துத் தகட்டுக்குச் சேகரிப்போரிடையே தனி மதிப்புண்டு. 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ புகுந்ததும், 1958இல் அதற்கெதிரான கிளர்ச்சி வடகிழக்கோடு நில்லாது மலையகத்துக்கும் பரவியதும் அத்தகடுகளுக்கிடையே எழுதப்பட்ட வரலாறு. அழகு கருதி அதனை மாற்றுவோர் துருவை மட்டும் சுரண்டி எறிவதில்லை.

எனினும், இவ்வனைத்திலும் அடிப்படையான கேள்வி வேறு. பழங்காரை ‘வீட்டிலே’ திருத்துவது ஓர் இனிய பொழுதுபோக்கு என்கின்றனர். வீட்டிலே திருத்துவதற்கு முதலில் வீடு வேண்டும். லயத்துக் காம்பரா பொதுவாக 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உடையது. மொரிஸ் மைனரின் நீளம் 12 அடி 4 அங்குலம். சிறிய கார் என்று பெயர்பெற்ற அவ்வண்டி, அதனைத் திருத்தியவர் மனைவி மக்களோடு வாழ்ந்த அறைக்குள் நுழையாது! துரையின் பங்களாவில் காருக்கு நின்ற கொட்டில், காரைத் திருத்தியவரின் குடும்பத்துக்குக் கிடைத்த இடத்தினும் பெரிது என்பதை எந்த மலர் இதழும் எழுதியதில்லை. ஆயுதங்களை வைக்க ஒரு மூலை, மழையில் நனையாமல் ஒரு பெட்டியைத் திறக்க ஒரு தாழ்வாரம், தன் மகனுக்குத் தொழிலைக் காட்ட ஒரு பட்டறை — இவை காணியுரிமையோடு வருவன. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை கம்பனிகளுக்குச் சென்றது. கைமாறிய நிலத்தில் லயம் மட்டும் மாறவில்லை. 2015இன் பின்னர் பேசப்பட்ட 7 பேர்ச் காணி 1,900 சதுர அடியளவானது. வீட்டோடு ஒரு சிறு பட்டறைக்கும் அதில் இடமுண்டு. அதுவும் எல்லோரையும் எட்டிவிடவில்லை. காணிக்கும் காருக்கும் என்ன தொடர்பு என்று கேட்போருக்கு விடை இதுவே: கைத்திறன் காற்றிலே வளர்வதில்லை, அதற்குத் தரை வேண்டும்.

உரிமையாளர் பணம் செலவிட்டிராவிடின் வண்டி அழிந்திருக்கும் என்பது சிலரின் மறுப்பு. அது உண்மையே; மறுக்கவேண்டியதில்லை. ஆனால் கூலி கொடுத்தவர் உழைப்பை வாங்கினார். உழைத்தவரின் பெயரை வாங்கவில்லை. கோயில் கட்டிய மன்னனை மட்டும் சொல்லிச் சிற்பியை மறைக்கும் வரலாற்றைக் குறைகூறும் பல்கலைக்கழகம், தன் வாயிலருகே ஓடும் காரின் சிற்பியை மறப்பது முறையாகாது. பேராதனையிலிருந்து சிறிது தூரத்திலுள்ள ஹந்தானையில், 1925இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் நூதனசாலையாக விளங்குகின்றது. இயந்திரங்கள் அங்கே காக்கப்படுகின்றன. இயந்திரத்தை இயக்கியவரின் சொற்களையும் முறைகளையும் காப்பது யார் பொறுப்பு?

அப்பொறுப்பு தமிழ்ச் சங்கங்களுடையதும் ஆகும். கலைச்சொல்லாக்கத்துக்குக் குழுக்கள் அமைத்து, நூற்றுக்கணக்கான சொற்களை மேசையிலிருந்து ஆக்கியோர், ஹற்றனிலும் தலவாக்கலையிலும் உள்ள கராஜ்களில் ஏற்கெனவே வழங்கும் சொற்களைக் கேட்கச் சென்றதில்லை. நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர்கள் பெருமைக்குரியவர்கள். எனினும் தொழிலாளி பாடுபவராக மட்டுமே தெரிந்து, சிந்திப்பவராகத் தெரியாமற் போனது அத்தொகுப்புகளின் நிழலிலேதான். மாணவர் விடுமுறையில் தம் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, முதிய திருத்துநர் ஒருவரின் தொழில் வரலாற்றை ஒலிப்பதிவு செய்வது பெருஞ்செலவான காரியமன்று. பழங்கார் வைத்திருப்போர் ஒவ்வொரு வண்டியின் குறிப்பேட்டிலும் அதில் வேலைசெய்தோரின் பெயர்களை, அவர்தம் இசைவோடு, எழுதிவைப்பதும் கடினமன்று. கண்காட்சியில் வண்டியின் முன்னே வைக்கும் பலகையில் இன்னும் இரண்டு வரிகளுக்கு இடமுண்டு.

இவற்றுக்குக் காலம் மிகுதியாக இல்லை. துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்துவிடலாம். உடைந்த பாகத்தை மீண்டும் வார்த்துவிடலாம். வெள்ளை உலோகம் வார்க்கத் தெரிந்த முதியவர் ஒருவர் லயத்திலே கண்மூடினால், அவரோடு போகும் அறிவுக்கு உதிரிப்பாகம் எந்த நாட்டிலிருந்தும் வராது. அடுத்த சித்திரையில் நுவரெலியாவிலே கார்கள் வரிசையாக நிற்கும்போது, அவற்றின் பளபளப்பை வியப்பவர் வியக்கட்டும். அப்பளபளப்பு யாருடைய கைகளிலிருந்து வந்தது என்று ஒருவராவது உரக்கக் கேட்பாராயின், மலையகத்தின் வரலாறு அந்தக் கேள்வியிலிருந்து எழுதப்படத் தொடங்கும்.